20.9: பாதாளச் சாக்கடையின் வாயில் ஓர் எண்

புதுச்சேரி கதிர்காமத்துக்கு அருகில், உழவர்கரை நகராட்சிக்கு உட்பட்ட ரெட்டியார்பாளையம் புதுநகரில் 2024 ஜூன் 11 காலை, வீட்டுக் கழிவறைக்குள் போன ஒரு மூதாட்டி மயங்கி விழுந்தார். அவரைத் தூக்கப் போன மகளும் விழுந்தார். பக்கத்து வீட்டில் 15 வயது மாணவி ஒருத்தியும் அதேபோல விழுந்தாள். மூவரும் இறந்துபோனார்கள். பாதாளச் சாக்கடையில் சேர்ந்த விஷவாயு கழிவறைக் குழாய் வழியாக வீடுகளுக்குள் ஏறியிருந்தது. அது ஹைட்ரஜன் சல்பைடு என்று அப்போதே சொல்லப்பட்டது. சாக்கடைக்குள் இறங்குகிறவர்களுக்கு மட்டுமே உரியது என்று நாம் ஒதுக்கிவைத்திருந்த ஆபத்து, தெருவில் வசிக்கிறவர்களின் வீட்டுக்குள்ளேயே வரக்கூடியது என்பதை அந்தக் காலை காட்டியது. அதன் பிறகு ஒரு கேள்வி இயல்பாகவே எழுகிறது. கையடக்கமான ஒரு கருவி அந்த இடத்தில் இருந்திருந்தால் முன்கூட்டியே எச்சரித்திருக்குமா? எந்தக் கருவி, அதன் எந்த எண்ணை யார் எப்படிப் படித்திருப்பார் என்பதைப் பொறுத்தது அதற்கான பதில். ஆக்சிஜனை மட்டும் அளக்கும் கருவியாக இருந்திருந்தால், அது கடைசிவரை எல்லாம் சரி என்றே காட்டியிருக்கக்கூடும்.

காரணம் வெறும் கணக்குதான். உலர்ந்த காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு, மீதி பெரும்பாலும் நைட்ரஜன். வேறொரு வாயு காற்றுக்குள் கலந்தால் அது ஆக்சிஜனை மட்டும் தேர்ந்தெடுத்துத் தள்ளுவதில்லை, காற்று முழுவதையும் தள்ளுகிறது. ஆகவே 100 பங்கில் ஒரு பங்கு அந்நிய வாயு புகுந்தால் ஆக்சிஜன் குறைவது ஏறக்குறைய 0.2 விழுக்காடு மட்டுமே. பல நாடுகளின் தொழிலிடப் பாதுகாப்பில் 19.5 விழுக்காட்டைக் கீழெல்லையாக வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான கருவிகள் அந்த எண்ணில்தான் அலறத் தொடங்கும். 20.9-லிருந்து 19.5-க்கு இறங்க வேண்டுமானால் காற்றில் 6.7 விழுக்காடு அந்நிய வாயு கலந்திருக்க வேண்டும். பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று பார்த்தால் 67,000. ஹைட்ரஜன் சல்பைடோ பத்து லட்சத்தில் 100 பங்கு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகைப்படுத்தப்படுகிறது. 500 முதல் 700 பங்கில் ஆள் சில நிமிடங்களில் சுருண்டு விழுந்து, அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் இறக்கலாம். 1,000 பங்கில் ஓரிரு மூச்சு போதும். அந்த 1,000 பங்கு, ஆக்சிஜன் எண்ணை அசைக்கும் அளவு 0.02 விழுக்காடு. கருவியின் திரை 0.1 வரைதான் காட்டும். கொல்லும் காற்றிலும் அதில் 20.9 என்றே எழுதியிருக்கும்.

கொரோனா அலைகளின்போது கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் புதுச்சேரியின் முக்கியமான கோவிட் மருத்துவமனையாக இயங்கியது. விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரின் எண்ணைப் பார்த்துப் பதறவும் ஆறுதல் அடையவும் ஊரே பழகியது அந்த நாட்களில்தான். அதனால் ஆக்சிஜன் எண் என்றாலே உயிரின் நிலையைச் சொல்லும் எண் என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு இந்த எண்ணத்தை உடைக்கிறது. அது உயிரணுக்களுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசி நொதியையே முடக்கிவிடுகிறது. காற்றில் ஆக்சிஜன் இருக்கும், இரத்தத்திலும் இருக்கும், மூளையின் அணுக்களால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. விரலில் மாட்டிய கருவிகூடச் சற்று நேரம் இயல்பான எண்ணைக் காட்டலாம். காற்றை அளக்கும் கருவியும் இரத்தத்தை அளக்கும் கருவியும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. இந்த வாயுவைப் பற்றிய கேள்வியை இரண்டிடமும் யாரும் கேட்கவில்லை.

சாக்கடையின் மற்ற இரண்டு வாயுக்களிலும் இதே கதைதான், எண்கள் மட்டும் வேறு. மீத்தேன் காற்றில் 5 விழுக்காட்டை எட்டினால் ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். அந்த 5 விழுக்காடு மீத்தேனால் ஆக்சிஜன் இறங்குவது 19.9 வரை, 19.5-ல் ஒலிக்கவேண்டிய மணி இன்னும் ஒலிக்காது. கார்பன் டை ஆக்சைடு 4 விழுக்காட்டில் உயிருக்கு உடனடி ஆபத்து. வெளியிலிருந்து அந்த அளவு கலந்தால் ஆக்சிஜன் ஏறக்குறைய 20.1 என்று நிற்கும். ஆக, 19.5 என்ற எல்லையை ஆபத்து தொடங்கும் இடம் என்று எடுத்துக்கொள்வது பிழை. ஆக்சிஜன் குறைவு ஒன்றே ஆபத்தாக இருக்கும் இடங்களுக்கு, உதாரணமாக நைட்ரஜன் நிரப்பிய தொட்டிக்கு, அந்த எல்லை பொருந்தும். அங்கே தள்ளும் வாயு நஞ்சல்ல. சாக்கடையில் ஆக்சிஜன் எண்ணின் பயன் வேறு விதமானது. அது குறைந்திருக்கிறது என்றால் அந்த இடத்தை ஏதோ ஒன்று நிரப்பியிருக்கிறது அல்லது ஏதோ ஒன்று ஆக்சிஜனைத் தின்றிருக்கிறது என்று பொருள். 20.9 இருக்க வேண்டிய இடத்தில் 20.4 தெரிந்தால், தள்ளிய வாயு 2.4 விழுக்காடு, அதாவது பத்து லட்சத்தில் 24,000 பங்கு. அது என்ன வாயு என்று தெரியாமல் சாக்கடை மூடியைத் திறந்து உள்ளே தலையை நீட்டக்கூடாது. கருவி அமைதியாக இருக்கிறது என்பது ஒரு காரணமே ஆகாது. மணி அடிக்கும் எண்ணைவிட எண் நகர்ந்த தூரத்தைப் பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இதற்கு எதிராகப் புதுச்சேரி போன்ற கடலோர ஊரில் நியாயமான ஒரு மறுப்பு உண்டு. ஈரப்பதமும் ஒரு வாயுதானே? 30 டிகிரியில் ஈரம் முழுமையாக நிறைந்த காற்றில் நீராவி மட்டும் 4 விழுக்காட்டைத் தாண்டும். அது கலந்தாலே ஆக்சிஜன் ஏறக்குறைய 20-க்கு வந்துவிடும். அப்படியானால் எண் சற்று இறங்கியதும் பதறுவது வீண் பதற்றம் இல்லையா? கணக்கைப் போட்டுப் பார்த்தால் மறுப்பின் எல்லை தெரியும். கருவியை முதலில் தெருவின் திறந்த வெளிக் காற்றில் வைத்து 20.9 என்று நிலைப்படுத்துகிறோம். அந்தக் காற்றிலேயே கடலோரத்தின் ஈரம் இருக்கிறது; அதுவும் சேர்ந்துதான் 20.9 ஆகிறது. 32 டிகிரியில் 70 விழுக்காடு ஈரப்பதம் உள்ள வெளிக்காற்றிலிருந்து 30 டிகிரியில் ஈரம் நிறைந்த சாக்கடைக் காற்றுக்குப் போனால் நீராவியால் வரும் வேறுபாடு 0.2 அளவுதான். ஆகவே 0.2 வரையான சரிவை ஈரத்தின் கணக்கில் எழுதலாம்; 0.5 சரிந்தால் அதை ஈரத்தின் தலையில் கட்ட முடியாது. மறுப்பு தவறல்ல. அதை முழுவதும் கேட்டால் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்ற எண் அதிலிருந்தே கிடைத்துவிடுகிறது.

வெளிக்காற்றில் நிலைப்படுத்துவது என்று சொன்ன அந்தச் சிறிய வேலைதான் முழு அளவீட்டின் அச்சாணி. மூடியைத் திறந்துவிட்டு அதன் விளிம்பில் நின்றபடியோ, ஓடிக்கொண்டிருக்கும் கழிவுநீர் லாரியின் புகைக்குழாய்க்குப் பக்கத்திலோ கருவியை நிலைப்படுத்தினால், கெட்டுப்போன அந்தக் காற்றையே 20.9 என்று அது மனப்பாடம் செய்துகொள்ளும். பிறகு அது சொல்லும் ஒவ்வோர் எண்ணும் உண்மையைவிட நல்லதாகத் தெரியும். அலறவேண்டிய இடத்தில் அலறாது. மூடி திறப்பதற்கு முன்னால், காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறம் சில அடி தள்ளி, வண்டியின் எஞ்சின் இல்லாத இடத்தில் இதைச் செய்ய வேண்டும். ஒரு நிமிட வேலை. அவசரத்தில் முதலில் தவறுவதும் இதுதான்.

கருவிக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். வழக்கமான ஆக்சிஜன் சென்சார் உண்மையில் ஒரு சிறிய மின்கலம். மயிரிழை போன்ற துளை வழியாக உள்ளே கசியும் ஆக்சிஜன் ஒரு மின்முனையில் வினைபுரிகிறது. எதிர்முனையில் உள்ள ஈயம் ஆக்சைடாக மாறுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஓடும் சிறு மின்னோட்டமே திரையில் எண்ணாகிறது. ஈயம் தீர்ந்ததும் மின்னோட்டமும் தீரும். அதனால் இவ்வகைச் சென்சாரின் ஆயுள் ஏறக்குறைய இரண்டு ஆண்டு. பெட்டிக்குள் கிடந்தாலும் அது காற்றைத் தின்று தேய்ந்துகொண்டேதான் இருக்கும். ஈயம் இல்லாத புதிய வகைகள் கூடுதல் காலம் உழைக்கின்றன. இங்கே கவனிக்க வேண்டிய ஒரு வேறுபாடு உண்டு. ஆக்சிஜன் சென்சார் தேய்ந்தாலோ அதன் துளையில் நீர்த்துளி அடைத்தாலோ எண் கீழே இறங்கும், கருவி அலறும், ஆள் பின்வாங்குவார். அது பழுதானாலும் பாதுகாப்பின் பக்கம் சாய்ந்தே பழுதாகிறது. ஹைட்ரஜன் சல்பைடு சென்சார் அப்படியல்ல. அது செத்துப்போனால் திரையில் 0 வரும். நல்ல காற்றிலும் 0-தான் வரும். இரண்டு பூஜ்யங்களையும் கண்ணால் பிரிக்க முடியாது. அதனால்தான் ஒவ்வொரு நாள் வேலைக்கு முன்னும், அளவு தெரிந்த வாயுவைச் சிறு உருளையிலிருந்து கருவியின் மேல் பாய்ச்சி, எல்லா மணிகளும் அடிக்கின்றனவா என்று பார்க்கச் சொல்கிறார்கள். தொழிலில் இதை ‘பம்ப் டெஸ்ட்’ என்பார்கள். இதைச் செய்யாத கருவி கையில் இருப்பதும் இல்லாததும் ஒன்று என்று சொல்லமாட்டேன். இருப்பது இன்னும் கெடுதல், ஏனென்றால் அது தைரியம் கொடுக்கும்.

நான்கு வாயுக் கருவி என்று சந்தையில் கிடைப்பது ஆக்சிஜன், எரியும் வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் அளப்பது. அவற்றின் எண்களைப் படிக்கும்போது ஆக்சிஜனைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது நெறி. அதற்குப் பின்னாலும் அறிவியல் இருக்கிறது. எரியும் வாயுவை அளக்கும் பொதுவான சென்சார், அந்த வாயுவைத் தனக்குள் மிகச் சிறிதாக எரித்துப் பார்த்து அளக்கிறது. எரிய ஆக்சிஜன் வேண்டும். அது 10 விழுக்காட்டுக்குக் கீழே போய்விட்டால், மீத்தேன் நிறைந்த குழியிலும் அந்தச் சென்சார் குறைவாகவே காட்டும். ஆக்சிஜன் எண் சரியாக இருந்தால்தான் அடுத்த எண்ணுக்குப் பொருள். எந்த ஆழத்தில் அளக்கிறோம் என்பதும் அதே அளவு முக்கியம். மீத்தேன் காற்றில் ஏறக்குறையப் பாதி எடைதான், மேலே தேங்கும். ஹைட்ரஜன் சல்பைடு சற்றுக் கனமானது. கார்பன் டை ஆக்சைடு காற்றைப்போல ஒன்றரை மடங்கு கனம், அடியில் படியும். மூடியருகே கருவியைக் காட்டிவிட்டு எடுத்துவிட்டால் அது மூடியருகின் காற்றை மட்டும் சொல்லும். நான்கு அடிக்கு ஒருமுறை நிறுத்தி, அடிவரை இறக்கி அளக்க வேண்டும். உறிஞ்சு குழாய் வழியாக அளந்தால் காற்று குழாயைக் கடந்துவர நேரம் ஆகும், அதன் பிறகு சென்சார் எண்ணை எட்டவும் நேரம் ஆகும். ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு நிமிடமாவது பொறுக்க வேண்டும். இத்தனையும் செய்த பிறகும் அந்த எண்கள் அந்தக் கணத்துக்கு மட்டுமே சொந்தம். ஹைட்ரஜன் சல்பைடின் பெரும்பகுதி சேற்றிலும் நீரிலும் கரைந்து கிடக்கிறது. கடப்பாரையால் குத்தினாலோ, அடைப்பை எடுத்தாலோ, தண்ணீரைப் பீய்ச்சினாலோ அது ஒரே மூச்சில் வெளியேறும். புதுச்சேரியின் சூட்டில், சரிவு குறைந்த சமநிலத்தில் மெல்ல ஊர்ந்துபோகும் கழிவுநீரில் இந்தச் சேர்மானம் வேகமாகவே நடக்கும். அதனால் இறங்குவதற்கு முன் ஒருமுறை அளந்தால் போதாது. வேலை முடியும்வரை கருவி ஆளின் மார்போடு இருக்க வேண்டும்.

கிணற்றில் இறங்குமுன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது நம் ஊர்களில் நெடுநாள் வழக்கம். விளக்கு அணையாவிட்டால் இறங்கலாம் என்பது நம்பிக்கை. அதைக் கேலி செய்ய ஒன்றும் இல்லை; அதில் உண்மையான அவதானிப்பு இருக்கிறது. இங்கிலாந்துச் சுரங்கங்களுக்கு ஹம்ப்ரி டேவி 1815-ல் உருவாக்கிய விளக்கும் சுடரைப் பார்த்தே காற்றைப் படித்தது. ஆனால் சுடர் அணைவது ஆக்சிஜன் 16, 17 விழுக்காட்டுக்கு இறங்கும்போதுதான். அதற்குள் மனிதனின் நிதானம் தடுமாறத் தொடங்கியிருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு கொல்லும் அளவில் இருந்தாலும் சுடர் அசையாது. மீத்தேன் இருந்தால், டேவியின் கம்பி வலை இல்லாத விளக்கே வெடிக்குக் காரணமாகிவிடும். மூக்கு போதும் என்போரும் உண்டு. அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே, அதைவிட எச்சரிக்கை வேண்டுமா? பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவாக இருக்கும்போதே மூக்கு அதைப் பிடித்துவிடும் என்பது உண்மை. ஆனால் 100 பங்கை எட்டும்போது முகரும் நரம்பு மரத்துவிடும். நாற்றம் வந்து பிறகு நின்றுவிட்டது என்றால் வாயு போய்விட்டது என்று நினைப்போம்; உண்மையில் கூடியிருக்கலாம்.

ஆக்சிஜன் குறைவுக்கோ மூக்கும் இல்லை, மூச்சுத் திணறலும் இல்லை. மூச்சை வாங்கச் சொல்லி நம்மை உந்துவது பெரும்பாலும் இரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடுதான் என்று ஜான் ஸ்காட் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905-ல் காட்டினார்கள். ஆக்சிஜன் இல்லாத காற்றையும் நாம் சுகமாக இழுத்து விடுவோம். கார்பன் டை ஆக்சைடு வழக்கம்போல வெளியேறிக்கொண்டே இருக்கும். உடலுக்குத் தவிப்பு வராது. ஏறக்குறைய ஆக்சிஜனே இல்லாத குழியில் ஓரிரு மூச்சிலேயே நினைவு போகும், ஏனென்றால் அந்த மூச்சு இரத்தத்தில் இருந்த ஆக்சிஜனையும் நுரையீரல் வழியே வெளியே இழுத்துவிடுகிறது. மேலே நிற்பவர் கண்ணுக்கு அது வெறும் மயக்கமாகத் தெரியும். உடனே அடுத்தவர் இறங்குகிறார். மூடிய இடங்களில் நேர்ந்த இறப்புகளில் 60 விழுக்காட்டுக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-ல் எச்சரித்தது. 1994-ல் அதே நிறுவனத்தின் விரிவான ஆய்வில் அது 36 விழுக்காடாக வந்தது. குறைவான எண்ணை எடுத்துக்கொண்டாலும் மூவரில் ஒருவர். துணி முகமூடியோ வடிகட்டி முகமூடியோ இங்கே உதவாது. வடிகட்டியால் இருப்பதைத்தான் நீக்க முடியும், இல்லாத ஆக்சிஜனைத் தர முடியாது. காப்பாற்ற இறங்குபவருக்கு வெளியிலிருந்து காற்று வரும் கவசம் வேண்டும், இறங்கியவரை மேலிருந்தே இழுக்க இடுப்புவாரும் முக்காலியும் வேண்டும்.

வலுவான மறுப்பு இனிதான் வருகிறது. யாரையும் இறக்கவே கூடாது என்னும்போது பாதுகாப்பாக இறக்குவதைப் பற்றிப் பேசுவது, இறக்குவதற்கே அனுமதி கொடுப்பது ஆகாதா? மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கழிவுநீர்க் குழாயில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் இழப்பீட்டை உயர்த்தியது. கேரளத்து இளைஞர்கள் உருவாக்கிய பாண்டிகூட், சென்னை ஐஐடியின் ஹோமோசெப் போன்ற இயந்திரங்களும் வந்துவிட்டன. 1993 முதல் கணக்கெடுத்தால் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலம் தமிழ்நாடு, 200 பேருக்கும் மேல், என்பதை நாடாளுமன்றத்தில் தரப்பட்ட விவரங்களே சொல்கின்றன. மறுப்பின் நெஞ்சில் இருக்கும் கோபம் முற்றிலும் நியாயமானது. யாரும் இறங்காத நிலைதான் இலக்காக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கருவியை எடுத்துவிட்டால் அந்த இலக்கு பக்கத்தில் வந்துவிடுவதில்லை. இயந்திரம் வேலை செய்யும்போதும் மூடியைத் திறப்பவர் மனிதர்தான், அதன் ஓரத்தில் நிற்பவரும் மனிதர்தான். சேற்றைக் கலக்கும் இயந்திரம் வாயுவை இன்னும் அதிகமாகவே கிளப்பும். அதே சட்டத்தின் கீழ் வந்த விதிகளின் பாதுகாப்புக் கருவிப் பட்டியலில் நான்கு வாயுக் கருவியும் இருக்கிறது. இறக்குபவர்களுக்கு எதிராகவும் அதன் எண்கள் பயன்படும். நேரத்தோடு பதிவான அளவீடு, ‘காற்று நன்றாகத்தான் இருந்தது’ என்று பிறகு யாரும் சொல்ல முடியாதபடி செய்கிறது.

வீடுகளுக்கு வருவோம். ஒவ்வொரு கழிவறையிலும் ஒரு கருவி மாட்ட வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. சென்சாரை மாற்ற வேண்டும், வாயு பாய்ச்சிச் சோதிக்க வேண்டும். செய்யாமல் விட்டால் முன்பு சொன்ன பொய்யான பூஜ்யம் சுவரில் தொங்கும். வீட்டுக்கு உண்மையான காவல் கழிவறைக் குழாயின் வளைவில் தேங்கும் இரண்டு மூன்று அங்குல நீர், பிளம்பர்கள் ‘டிராப்’ என்று சொல்லும் அமைப்பு. அந்த நீர் இருக்கும்வரை சாக்கடைக் காற்று சாதாரணமாக உள்ளே வராது. வளைவே வைக்காமல் இணைத்த குழாயிலும், பயன்படுத்தாமல் நீர் வற்றிப்போன தரைத் துளையிலும் அது தாராளமாக வரும். இணைப்புக் கொடுக்குமுன் வளைவு இருக்கிறதா என்று பார்ப்பதும், சாக்கடைக்குக் காற்றுப்போக்கி வைப்பதும், நாற்றம் என்று புகார் வந்த தெருவில் நான்கு வாயுக் கருவியோடு ஊழியர் வீடு வீடாக அளப்பதும் பொதுப்பணித் துறை செய்ய வேண்டியவை. அப்படி அளக்க வருகிறவர் ஆக்சிஜன் எண்ணை மட்டும் காட்டி ‘20.9 இருக்கிறது, பயப்படாதீர்கள்’ என்று சொன்னால், ஹைட்ரஜன் சல்பைடு எண் என்ன என்று குடியிருப்பவர்கள் கேட்க வேண்டும். பத்து லட்சத்தில் 10 பங்கு என்பது எட்டு மணி நேர வேலைக்கு நம் தொழிற்சாலைச் சட்டம் வைத்திருந்த வரம்பு. குழந்தைகளும் முதியவர்களும் நாள் முழுவதும் மூச்சுவிடும் வீட்டில் அந்த அளவுகூட ஏற்கத்தக்கதல்ல.

ஆக்சிஜன் எண் மேலே போவதும் ஆபத்துதான். 23.5 விழுக்காட்டைத் தாண்டினால் துணியும் முடியும்கூடச் சட்டென்று பற்றிக்கொள்ளும். திரவ ஆக்சிஜன் தொட்டிகள் உள்ள மருத்துவமனை வளாகங்களில் இந்த மேலெல்லைக்கும் மணி வைக்கிறார்கள்.

கருவி வாங்குவது எளிது, ஒரே ஒரு ஒப்பந்தப்புள்ளியில் முடிந்துவிடும். அதை உயிரோடு வைத்திருப்பது ஆண்டுதோறும் செலவு கேட்கும்: சோதனை வாயு உருளை, அதன் காலாவதித் தேதி, மாற்றுச் சென்சார், ஒவ்வொரு காலையும் ஒரு நிமிடச் சோதனை, அதைச் செய்யத் தெரிந்த ஒரு பணியாளர், அவர் விடுப்பில் போனால் இன்னொருவர். இந்தச் செலவு வாங்கும்போதே ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டால் இரண்டாம் ஆண்டு முடிவில் ஈயம் தீர்ந்த சென்சார் காரணமில்லாமல் அலறத் தொடங்கும். தொல்லை தாங்காமல் யாராவது கருவியை அணைத்து அலமாரியில் வைப்பார்கள். அடுத்த மூடி கருவி இல்லாமலே திறக்கப்படும்.